வின்ச்சும் காற்று கம்ப்ரஸரும் ஒரே உடலில்: ஆஃப்ரோடு வண்டியில் பொருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

சேற்றிலும் மணலிலும் இறங்கும் வண்டிக்கு இரண்டு தேவை எப்போதும் உண்டு. சிக்கினால் இழுத்துக்கொண்டு வெளியே வர ஒரு வின்ச், அதாவது மோட்டாரால் கயிறை உருளையில் சுற்றி இழுக்கும் கருவி. டயரில் காற்றைக் குறைத்து ஓட்டிவிட்டுத் தார் ரோட்டுக்குத் திரும்பும்போது மறுபடி காற்றடிக்க ஒரு கம்ப்ரஸர். இந்த இரண்டு வேலையையும் ஒரே மோட்டாரைக் கொண்டு செய்யும் கருவியை அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் பவர்பிளாண்ட் என்ற பெயரில் கொண்டுவந்தது. 1948இல் ஜீப்புகளுக்கு லாக்கிங் ஹப் (முன்சக்கரத்தை அச்சோடு இணைத்துப் பிரிக்கும் பாகம்) செய்து தொடங்கி, 1959இல் மின்சார வின்ச்சுக்கு வந்த நிறுவனம் அது. பவர்பிளாண்டில் 9,500 பவுண்டு, 12,000 பவுண்டு இழுக்கும் இரண்டு வகை வந்தன. கம்ப்ரஸர் பகுதி 90 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை, நிமிடத்துக்குச் சுமார் 5 கன அடி காற்று தரும்.

இதைச் சாதாரண வின்ச் மாதிரி நினைத்துப் பொருத்துகிறார்கள். அங்கேதான் தொல்லை ஆரம்பிக்கிறது. வின்ச் ஓடுவது ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அப்புறம் நிறுத்தி ஆற விடுவோம். கம்ப்ரஸர் அப்படியில்லை. நான்கு டயரும் நிறையும் வரை அதே மோட்டார், அதே கேபிள், அதே பேட்டரி தொடர்ந்து உழைக்க வேண்டும். இழுப்பதற்கு உறுதி வேண்டும், காற்றடிப்பதற்கு நல்ல மின் இணைப்பும் சூடு வெளியேற வழியும் வேண்டும். இந்த இரண்டாவது தேவையை மனதில் வைத்துப் பொருத்தினால் முதலாவது பெரும்பாலும் தானாகவே சரியாக அமைந்துவிடும்.

வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வண்டியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் வேண்டும் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவு. இங்கே எடை என்பது ஷோரூம் எடை அல்ல. ஆட்கள், சாமான், ஸ்டெப்னி, இரும்பு பம்பர், வின்ச் எல்லாம் சேர்ந்தது. ஒரு மஹிந்திரா தார் இப்படி எல்லாம் ஏற்றி 2,400 கிலோ வருகிறது என்று வைத்துக்கொண்டால் 3,600 கிலோ இழுவை தேவை, அதாவது கிட்டத்தட்ட 8,000 பவுண்டு. 9,500 பவுண்டு வின்ச் (சுமார் 4,300 கிலோ) தாராளமாகப் போதும். 12,000 பவுண்டு வகையை வாங்கினால் முன் அச்சில்தான் கூடுதல் எடை ஏறும்.

வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் திறன், டிரம்மில் (கயிறு சுற்றும் உருளையில்) முதல் அடுக்குக் கயிறு மட்டும் சுற்றியிருக்கும்போது கிடைப்பது. அடுக்கு கூடக் கூட டிரம்மின் விட்டம் பெரிதாகி இழுவை குறையும். கடைசி அடுக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கயிறு அதிகம் வெளியே போனால் அடுக்கு குறையும்; அதனால் அருகிலுள்ள மரத்தைவிடத் தள்ளியிருக்கும் மரம் பல நேரம் நல்லது.

இன்னொரு விஷயம், கருவியின் உருவம். பெரும்பாலான வின்ச்சுகளின் அடிப்பகுதி போல்ட் துளைகள் 254 மி.மீ. × 114.3 மி.மீ. இடைவெளியில் இருக்கும். அந்த அளவு பொருந்திவிட்டால் கருவியும் பம்பருக்குள் அடங்கும் என்று நினைக்க வேண்டாம். கம்ப்ரஸர் சேர்ந்ததால் இதன் உடல் பருத்தது. கிரில்லுக்கும் பம்பருக்கும் நடுவில் இடம் இருக்கிறதா, டிரம்மை மோட்டாரோடு இணைத்துப் பிரிக்கும் கிளச் நெம்புகோலைக் கையால் திருப்ப முடிகிறதா, காற்றுக் குழாயைச் செருக இடம் விட்டிருக்கிறதா என்று அட்டையில் கருவியின் அளவுக்கு வெட்டி வைத்துப் பாருங்கள். ரேடியேட்டருக்குப் போகும் காற்றை எவ்வளவு மறைக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இத்தகைய கருவி பழைய பொருளாகக் கைக்கு வந்தால், வாங்குமுன் தரையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு திசையிலும் டிரம் சுற்ற வேண்டும். கம்ப்ரஸருக்கு மாற்றினால் காற்று வர வேண்டும். வெளியேறும் காற்றோடு எண்ணெயோ துருநீரோ வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை

இந்தியாவில் வண்டி ஓட்டுபவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது. 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், முன்பக்கம் மாட்டும் இரும்புத் தடுப்புகளான புல் பார், கிராஷ் கார்டு மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே பொதுச் சாலையில் ஓடும் வண்டியில் இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டுமுன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பாதசாரி மீது மோதினால் இரும்பு பம்பர் செய்யும் சேதம் பிளாஸ்டிக் பம்பர் செய்வதைப் போல் இருக்காது. விதி இப்படி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 1: முன்பக்கத்தைத் திறப்பது

பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். பிளஸ் அப்புறம். வேலை முடிந்து மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கழற்றிய பிறகு பத்து நிமிடம் காத்திருந்து பம்பரில் கை வையுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் மின்தேக்கிகள் வடிய அந்த நேரம் வேண்டும்.

ஏர்பேக் சென்சார் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து ஒரு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். அதை இடம் மாற்றக் கூடாது, அதன் மேல் வின்ச் உட்காரும் பிளேட்டை ஏற்றக் கூடாது, வயரை இழுத்து நீட்டவும் கூடாது. ஃபாக் விளக்கு, பார்க்கிங் சென்சார் இணைப்பிகளைக் கழற்றும்போது கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் மாட்டும்போது குழப்பம் வராது.

படி 2: பிளேட்டும் போல்ட்டும்

வின்ச் பிளேட் பம்பர் தகட்டில் தொங்கக் கூடாது. சேஸியின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) இரண்டு நீளச் சட்டங்களிலும், ஒவ்வொரு பக்கமும் ஒன்றுக்கு மேற்பட்ட போல்ட்டுகளோடு பிடித்திருக்க வேண்டும். நேராக இழுக்கும்போது இரண்டு பக்கமும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். கோணத்தில் இழுத்தால் ஒரு பக்கத்து போல்ட்டுகளின் மேல்தான் பெரும் பாரம். உள்ளூர்ப் பட்டறையில் பிளேட் செய்து வாங்குவதானால் வெல்டிங் மூலைகளைக் கவனமாகப் பாருங்கள். தொடர்ச்சியான, சீரான வெல்டிங் வேண்டும். புள்ளி புள்ளியாக வைத்துப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வின்ச்சின் போல்ட்டுகள் குறைந்தது 8.8 தரம். தலையில் அந்த எண் பொறித்திருக்கும். பெட்டியோடு வந்த போல்ட்டையே பயன்படுத்துவது நல்லது. நீளமான போல்ட் போட்டால் உள்ளே அடித்து உடலை விரிசல் விடச் செய்யும். குட்டையானது மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். நான்கு போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றி, குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச் (இறுக்க அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்துக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடியுங்கள். கருவி கனமானது, இரண்டு பேர் இல்லாமல் தூக்க வேண்டாம்.

கயிறு டிரம்மின் அடிப்பக்கத்திலிருந்து வெளியே வர வேண்டும். மேல்பக்கமாகச் சுற்றியிருந்தால் உள்ளிருக்கும் பிரேக் தலைகீழாக வேலை செய்து, சுமையைத் தாங்காமல் விட்டுவிடும்.

கயிறு வெளியே வரும் வாயில் இருக்கும் ஃபேர்லீட் விஷயத்தில் கலக்க வேண்டாம்: எஃகுக் கயிறுக்கு ரோலர், செயற்கை இழைக் கயிறுக்கு வழவழப்பான அலுமினிய ஹாஸ் (துளையுள்ள தகடு). எஃகுக் கயிறு உரசிப் பள்ளம் விழுந்த ரோலரில் செயற்கைக் கயிறை ஓட்டினால் சில இழுப்பிலேயே நூல் பிரியும்.

படி 3: மின் இணைப்பு

நேரத்தை அதிகமாகச் செலவிட வேண்டிய இடம் இது. சுமையில்லாமல் ஓடும்போதே வின்ச் மோட்டார் 70 ஆம்பியர் போல இழுக்கும். முழுச் சுமையில் 400 ஆம்பியரைத் தாண்டும். வண்டியின் ஆல்டர்னேட்டர் 90, 120 ஆம்பியர்தான் தரும். மீதி முழுவதும் பேட்டரியிலிருந்து வருகிறது. அதனால்தான் குளிர்நிலைத் தொடக்கத் திறன் (சிசிஏ, குளிரில் எஞ்சினைக் கிளப்பத் தரும் மின்னோட்டம்) 650 ஆம்பியருக்குக் குறையாத பேட்டரி வேண்டும் என்று வார்ன் சொல்கிறது. பழைய பேட்டரியை வைத்துக்கொண்டு புது வின்ச் மாட்டுவதில் அர்த்தமில்லை.

இப்போது கேபிள். 35 சதுர மி.மீ. தாமிரக் கேபிளின் மின்தடை மீட்டருக்கு அரை மில்லிஓம். பேட்டரியிலிருந்து வின்ச்சுக்குப் போக 2 மீட்டர், திரும்ப 2 மீட்டர் என்றால் மொத்தம் 2 மில்லிஓம். 400 ஆம்பியரில் 0.8 வோல்ட் வழியிலேயே போகும். பரவாயில்லை. அதே தூரத்துக்கு 16 சதுர மி.மீ. கேபிள் போட்டால் 1.7 வோல்ட் போகும். சுமையில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் பேட்டரி மின்னழுத்தத்தில் இன்னும் அவ்வளவு குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றி, அதிக நேரம் ஓடி, அதிகம் சூடாகும். கடைக்காரர் "இதுவே போதும் சார்" என்று மெல்லிய கேபிளைக் காட்டினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

கேபிளை விடவும், அதன் முனையில் மாட்டும் உலோகக் கண்ணியான லக்தான் அதிகம் ஏமாற்றும். சரியாகப் பிடிக்காத ஒரு லக்கில் 5 மில்லிஓம் தடை இருந்தால் 300 ஆம்பியரில் அந்த ஒரே இடத்தில் 450 வாட் சூடு உண்டாகும். பிளாஸ்டிக் உருகவும் தீப்பிடிக்கவும் அது போதும். தாமிர லக்கை ஹைட்ராலிக் கருவியால் கிரிம்ப் செய்து (அழுத்திப் பிடிக்க வைத்து), மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள். சுத்தியலால் தட்டி நசுக்குவதும் ஈயப் பற்றை மட்டும் நம்புவதும் வேண்டாம். ஈயம் சூட்டில் இளகும், அதிர்வில் முறியும்.

பிளஸ் கேபிள் பேட்டரியின் பிளஸிலிருந்து மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் வழியாக, மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் கான்டாக்டர் பெட்டிக்குப் போகட்டும். சுவிட்சைப் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். வின்ச்சையோ கம்ப்ரஸரையோ பயன்படுத்தாதபோது அது அணைந்தே இருக்க வேண்டும். பல வின்ச்சுகளின் முதன்மைக் கேபிளில் ஃபியூஸ் இருக்காது. முன்பக்கம் மோதி கேபிள் நசுங்கினால் அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றுவது அணைத்து வைத்த இந்த சுவிட்ச்தான். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க மலிவு சுவிட்ச் வாங்க வேண்டாம். தொடர்ந்து 300 ஆம்பியர் தாங்கும் என்று எழுதியதையே எடுங்கள்.

மைனஸ் கேபிளைச் சேஸியில் எங்கோ ஒரு போல்ட்டில் மாட்டாமல் பேட்டரி வரை கொண்டுவாருங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள வண்டியில் மைனஸ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அங்கே மட்டும் லக்கை எந்த இடத்தில் பிடிப்பது என்று வண்டித் தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்துச் செய்யுங்கள்.

மோட்டாரின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டுகளில் இரண்டு நட் இருக்கும். மேல் நட்டை இறுக்கும்போது கீழ் நட்டை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் முறுக்கினால் ஸ்டட்டே சுழன்று உள்ளே ஃபீல்டு சுருளின் முனை அறுந்துபோகும். அப்புறம் மோட்டாரைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தார் போன்ற வண்டியில் பாடி தனி, சேஸி தனி. பேட்டரி பாடியின் மேல், வின்ச் சேஸியின் மேல். மேடு பள்ளத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று நகரும். கேபிளை இழுத்துக் கட்டினால் லக்கில் நாள்தோறும் பலம் விழுந்து முறியும். நடுவில் ஒரு வளைவு தளர்வாக விடுங்கள். மற்ற இடங்களில் ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்கு ஒரு கிளாம்ப், தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட், மேலே முழுக்க நெளிகுழாய். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரேடியேட்டர் ஃபேனும் கேபிளுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

படி 4: காற்று வழி

கம்ப்ரஸர் உறிஞ்சும் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பம்பர் உயரத்தில், டயர் அள்ளி வீசும் புழுதிக்கு நேராக இருந்தால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். ஓடையைக் கடக்கும்போது தண்ணீரும் உறிஞ்சும். உங்கள் கருவியில் உறிஞ்சு வாயில் குழாய் மாட்ட வழியிருந்தால் பானெட்டுக்குள் உயரமான, உலர்ந்த இடத்துக்கு அதைக் கொண்டுபோங்கள். வழியில்லாவிட்டால் தண்ணீரில் இறங்கும்போதும் இறங்கி ஏறிய உடனேயும் கம்ப்ரஸரை ஓட்டக் கூடாது.

வெளியேறும் காற்று கொதிக்கும். நிமிடக்கணக்கில் ஓடிய பிறகு வெளிவாய் இணைப்பைக் கையால் தொட முடியாது. அதனால் முதல் ஒரு மீட்டருக்கு எஃகுப் பின்னல் போட்ட, சூடு தாங்கும் குழாய் வேண்டும். சுருள் சுருளாக வரும் நிறக் குழாய் அங்கே மென்மையாகி ஊதி வெடிக்கும். அதை டயர் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றும்போது முனையில் இரண்டு மரையை வெறுமையாக விடுங்கள். கிழிந்த துணுக்கு உள்ளே போனால் வால்வில் உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் மாட்டியபின் அழுத்தம் ஏற்றி, சோப்பு நுரை தடவி, ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள்.

டேங்க் தேவையா என்று பலர் கேட்கிறார்கள். 10 லிட்டர் டேங்க்கில் 90 பிஎஸ்ஐ ஏற்றினால், அது 32 பிஎஸ்ஐக்கு இறங்கும் வரை நமக்குக் கிடைப்பது சுமார் 40 லிட்டர் காற்று. தாரின் 255/65 ஆர்18 டயர் ஒன்றின் கொள்ளளவு ஏறக்குறைய 70 லிட்டர். அதை 15இலிருந்து 30 பிஎஸ்ஐக்குக் கொண்டுபோகவே 70 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். ஆக டேங்க் ஒரு டயருக்குக்கூடப் பத்தாது. டயர் நிரப்ப அது தேவையில்லை.

ஆனால் காற்றால் இயங்கும் டிஃப்ரென்ஷியல் லாக்கர் (ஒரே அச்சின் இரு சக்கரங்களையும் சேர்ந்து சுழல வைப்பது) வைத்திருப்பவர்களுக்கு டேங்க் கட்டாயம் என்பேன். ஒரே மோட்டார் என்பதால் கருவி இழுத்துக்கொண்டிருக்கும்போது காற்று தராது. லாக்கர் மிக அவசியமாகும் நேரமும் அதுதான். லாக்கருக்கு வேண்டிய காற்று கொஞ்சம், டேங்க்கில் இருப்பது தாராளம். டேங்க் வைத்தால் பாதுகாப்பு வால்வும், திரும்பிப் போகாதபடி செக் வால்வும், அடியில் நீர் வடிக்கும் திருகும் சேர்த்து வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தத் திருகைத் திறக்கும்போதெல்லாம் தண்ணீர் வரும்.

5 கன அடி என்பது 140 லிட்டர். கணக்குப்படி ஒரு டயருக்கு அரை நிமிடம். அழுத்தம் ஏற ஏற காற்று வரத்து குறையும், குழாய் மாற்றும் நேரமும் சேரும். இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் சிகரெட் லைட்டரில் செருகும் பம்பைவிடப் பல மடங்கு வேகம்.

படி 5: முதல் ஓட்டம்

பேட்டரியை இணைத்து, சுவிட்சைப் போட்டு, கயிற்றில் சுமையில்லாமல் ரிமோட்டை அழுத்துங்கள். 'உள்ளே' என்றால் உள்ளே வர வேண்டும். தலைகீழாக ஓடினால் ரிமோட்டைப் புரட்டிப் பிடித்துச் சமாளிக்காமல், கையேட்டின் வயரிங் படத்தைப் பார்த்து மோட்டார் ஃபீல்டு வயர்களைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து கயிறு சுற்றுவது. புதுக் கயிறு தளர்வாகச் சுற்றப்பட்டுத்தான் வரும். அப்படியே பெரிய இழுப்புக்குப் போனால் மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். லேசான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, மேலே உள்ள உறுதியான மரத்தில் அகலப் பட்டை கட்டி, கயிறைக் கிட்டத்தட்ட முழுவதும் வெளியே விடுங்கள். டிரம்மில் எஃகுக் கயிறு 5 சுற்றும் செயற்கைக் கயிறு 10 சுற்றும் எப்போதும் மிஞ்சியிருக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து வண்டியை நியூட்ரலில் வைத்து மிக மெல்ல பிரேக் பிடிக்கட்டும். 200, 250 கிலோ இழுவிசை இருந்தால் சுற்று இறுக்கமாக விழும். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி விழுகிறதா என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சுற்றும் டிரம்முக்கு அருகே கை போகக் கூடாது.

முடிந்ததும் சுவிட்சை அணைத்து, ஒவ்வொரு லக்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் வெதுவெதுப்பாக இருக்க, ஒன்று மட்டும் சுட்டால் அந்த இணைப்பைப் பிரித்துத் திரும்பச் செய்யுங்கள். கம்ப்ரஸரையும் ஐந்து நிமிடம் ஓட்டி இதே சோதனையைச் செய்வது நல்லது. மெல்லிய கேபிளும் அரைகுறை லக்கும் இழுப்பில் தப்பித்து, இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

ஓட்டத்தில் கவனிக்க வேண்டியவை

எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குப் பக்கத்தில். வின்ச்சிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து வின்ச்சுக்கும் மாற்றும்போது மோட்டார் முழுவதும் நின்றிருக்க வேண்டும், கயிற்றில் சுமை இருக்கக் கூடாது. இழுக்கத் தொடங்குமுன் கிளச் முழுவதும் பற்றியிருக்கிறதா என்று ஒருமுறை கையால் பாருங்கள். பாதி பற்றிய கிளச் நடுவழியில் நழுவும்.

நீண்ட இழுப்புக்குப் பிறகு மோட்டார் கொதிக்கிறது என்றால் உடனே டயருக்குக் காற்றடிக்க ஆரம்பிக்காதீர்கள். கை வைக்க முடிகிற அளவு ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். கோவாவில் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சாலஞ்ச் இந்தியா மாதிரிப் போட்டிக்குப் போகிறவர்கள் மணிக்கணக்கில் இழுப்பார்கள். அவர்களுக்குத் தனி வின்ச், தனி கம்ப்ரஸர் என்பதே என் பரிந்துரை. குடும்பத்தோடும் நண்பர்களோடும் எப்போதாவது கரடுமுரடான பாதைக்குப் போகிற வண்டிக்கு இந்தக் கூட்டுக்கருவி நன்றாகவே பொருந்தும்.

கயிறு இழுபடும்போது, அறுந்தால் துள்ளாமலிருக்க அதன் மேல் கனமான டாம்பரோ (அதற்கென வரும் போர்வை) நனைந்த சாக்கோ போடுங்கள். கயிறு நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

சேற்றில் போய் வந்தால் வின்ச்சைக் கழுவி, அதே நாளில் இரண்டு திசையிலும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், உள்ளே புகுந்த ஈரம் சூட்டில் காயும். மாதம் ஒருமுறை கம்ப்ரஸரையும் ஓட்டி, ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து, லக் நட்டுகளையும் பிளேட் போல்ட்டுகளையும் இறுக்கம் பாருங்கள். முதல் பயணம் முடிந்ததும் இந்த இறுக்கம் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம், புது போல்ட் தளர்வதெல்லாம் பெரும்பாலும் அப்போதுதான்.